மறு: 'கன்கரன்ட்' அதிகாரம்: 'பொது' என்றால் போதுமா?

ஐயா அவர்களுக்கும் குழுவினர்க்கும் வணக்கம்.

ஜெர்மானியக் கூட்டாட்சி பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரிக்கு அனுப்பியாக வேண்டும். அதில் வரும் 'கன்கரன்ட்' (concurrent) அதிகாரத்துக்கு, அதாவது ஒரே பொருளில் கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் உள்ள சட்டமியற்றும் அதிகாரத்துக்கு, எந்தத் தமிழ்ச்சொல்லை இடுவது என்பதே நம் கேள்வி. நம் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் உள்ள மூன்றாம் பட்டியலைப் பொதுப்பட்டியல் என்றே வழங்குகிறோம், ஆகவே 'பொது அதிகாரம்' போதும் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். 1976-இல் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போயிற்று என்றால் பள்ளி மாணவருக்கும் விளங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஜெர்மனியின் 1949-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தின் 72-ஆம் உறுப்பு சொல்வது வேறு. கூட்டரசு ஒரு பொருளில் சட்டம் இயற்றாதவரை, இயற்றாத அளவுக்கு மட்டுமே, மாநிலம் இயற்றலாம். இங்கோ நாடாளுமன்றம் இயற்றிய பிறகும் மாநிலம் இயற்றலாம். முரண்பட்டால்தான் 254-ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றச் சட்டம் மேலோங்கும், அப்போதும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் அம்மாநிலத்தில் நிலைக்க வழியுண்டு. இரண்டுக்கும் 'பொது' என்று எழுதினால், ஊர்ப் பொதுக்கிணற்றில் போல இருவரும் எப்போதும் இறைக்கலாம் என்று மாணவர் எண்ணிவிடுவர்.

புலவர் அம்மையார் நன்னூலின் மூன்றாம் வேற்றுமைப் பொருளிலிருந்து எடுத்துத் தந்த 'உடனிகழ் அதிகாரம்' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே' என்பது தொல்காப்பியம்; இருவர் ஒரே வினையில் சேர்கையில் 'ஒடு' உயர்ந்தவரின் பெயரோடு வரும் என்பது அதன் பொருள். ஆசிரியனொடு மாணாக்கர் வந்தார் என்பதுபோலக் கூட்டரசொடு மாநிலம் இயற்றும் என்கையில், யார் கை ஓங்கும் என்பது இலக்கணத்திலேயே அடங்கியிருக்கிறது.

*

அன்புள்ள தம்பிக்கு,

நூற்பாவை மதிக்கிறேன், அதுவே உங்களுக்கு எதிராகவும் நிற்கிறது. ஆசிரியனும் மாணாக்கரும் ஒரே வேளையில் வருவதால்தான் அது உடனிகழ்ச்சி. நீங்கள் விளக்கிய 72-ஆம் உறுப்பிலோ ஒருவர் வந்ததும் மற்றவர் விலக வேண்டியிருக்கிறது; அங்கே 'உடன்' எங்கே இருக்கிறது? மேலும் 2006-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வேட்டை, இயற்கைப் பாதுகாப்பு, நீர்வளம் போன்ற சில பொருள்களில் கூட்டரசுச் சட்டத்திலிருந்து மாநிலம் விலகிச் சட்டம் இயற்றலாம்; இரண்டில் பின்னால் வந்ததே செல்லும். அங்கே 'உயர்பு' நிலையானதன்று. இலங்கையில் 1987-ஆம் ஆண்டின் 13-ஆம் அரசமைப்புத் திருத்தத்தில் உள்ள இத்தகைய பட்டியலை 'ஒருங்கிய நிரல்' என்கிறார்கள். அச்சொல்லும் யார் கை ஓங்கும் என்று சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியது விளக்கவுரை; கலைச்சொல்லின் மேல் அவ்வளவு சுமையை ஏற்ற வேண்டாம்.

*

ஐயா, 'உடன்' பற்றிய மறுப்புக்கு என்னிடம் விடை இல்லை. குழுவில் எழுதியவர்களில் பெரும்பாலோர் 'பொது' என்பதால் பாடத்தில் அதையே இடுகிறேன். 72-ஆம் உறுப்பு வருமிடத்தில், 'கூட்டரசு இயற்றும்வரை மாநிலத்துக்கு உள்ள அதிகாரம்' என்று ஒரு வரியும் சேர்க்கிறேன். ஆயினும் இந்திய ஏற்பாட்டுக்கேனும் 'உடனிகழ்' பொருந்தும் என்ற என் கருத்து மாறவில்லை. அடுத்த பாடம் ஏழாம் அட்டவணை பற்றியதுதான், அப்போது மீண்டும் எழுதுவேன்.