சீக்கோ 6309-7040 டைவர் வாட்ச்: அசல் பெசல் இன்சர்ட் (டயலைச் சுற்றியுள்ள வளையத்தின் எண் தகடு), ரப்பர் பட்டை தேவை

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் பழைய வாட்ச் பாகம் வைத்திருப்பவர்கள் உதவுங்கள். என் வாட்ச்சின் சீரியல் 78 என்று தொடங்குகிறது, முதல் எண் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம், அதாவது 1977 ஆகஸ்ட். (இதே எண் 1987லும் வரும், டயலில் சுவா (சீக்கோவின் தொழிற்சாலை) முத்திரை இருப்பதால் பழையதுதான்.) மெஷின் நன்றாக ஓடுகிறது.

இன்சர்ட் கீறலோடு, நிறம் மங்கி இருந்தாலும் பரவாயில்லை, அசலாக இருக்கணும். நகலில் எண்கள் தடித்துத் தெரியும், பார்த்ததுமே உறுத்தும்.

பட்டை 22 மி.மீ., ஜிஎல்831 அல்லது இசட்22 (சீக்கோவின் ரப்பர் பட்டை மாடல் எண்கள்). கொடுக்குமுன் மெதுவாக வளைத்துப் பாருங்கள். துளை ஓரத்தில் வெடிப்பு தெரிந்தால் வேண்டாம், நம்மூர் வெயிலிலும் வியர்வையிலும் அறுந்துவிடும்.

ஸ்பிரிங் பார் (பட்டையை வாட்ச்சோடு இணைக்கும் பின்) 2.5 மி.மீ. தடிமனே வேண்டும். கடைகளில் கிடைக்கும் மெல்லிய பின் ஆடி ஆடி லக் (பட்டை மாட்டும் காது) துளையைத் தேய்த்துவிடும்.

படம் எடுக்கும்போது பட்டையின் உட்பக்க எண் தெரியட்டும்.