பழைய பூச்சிமருந்து தாய்ப்பாலில் வருமா? பாலை நிறுத்தணுமா?

தாராபுரம்_தோட்டம்:
தங்கச்சிக்குத் தலைப்பிரசவமுங்க, குழந்தைக்கு ரெண்டு மாசம். தோட்டத்துச் சாளையில இருக்கறாங்க. சுத்தியும் பருத்தி, மருந்தடிப்பு நடக்குது. அட்டாலியில (பரண்ல) பழைய பி.எச்.சி. (பென்சீன் ஹெக்சாகுளோரைடு) பூச்சிமருந்துப் பவுடர் மூட்டை ஒண்ணு வேற கிடக்குது. தாய்ப்பாலில டிடிடி பூச்சிமருந்து இருக்கும்னு படிச்சதுல இருந்து புட்டிப்பாலுக்கு மாறலாமான்னு கேக்கறாங்க. பாலை லேப்ல குடுத்துப் பாக்கணுமா?

கோபி_குழந்தைநலம்:
நிறுத்தவே வேண்டாமுங்க. டிடிடி, பி.எச்.சி. ரெண்டுமே கொழுப்பில் கரையும். நெய், கறி, பால் வழியாக உடம்புக்குள் போனது கொழுப்பில் தங்கிடும். டிடிடி சிதைந்து உண்டாகும் டிடிஇ பாதியாகக் குறையவே பல வருஷம் ஆகும். தாய்ப்பாலில் நூற்றுக்கு மூணு, நாலு பங்கு கொழுப்பு. அதோடு இதுவும் கலந்து வரும். பால் குடுக்கக் குடுக்கத் தாய் உடம்பில் சேர்ந்தது குறையும், அதனால் தலைச்சன் குழந்தைக்குக் கூடுதலாகவும் அடுத்தடுத்த பிள்ளைகளுக்குக் குறைவாகவும் போகும். கருவில் இருக்கும்போதே கொஞ்சம் போயிருக்கும், இப்போ பாலை நிறுத்தி அதைத் திருப்ப முடியாது.

விவசாயத்துக்கு டிடிடி 1989-லும், பி.எச்.சி. 1997-லும் தடையாச்சு. அந்தத் தலைமுறைத் தாய்மார் உடம்பில் இருந்த அளவு இப்போ இருக்காது. லேபில் ஒரு எண் வரும், அதை இறக்க மருந்து கிடையாது. புட்டியும் தண்ணியும் சுத்தமில்லாமல் வரும் வயிற்றுப்போக்குதான் ரெண்டு மாசக் குழந்தைக்குப் பெரிய ஆபத்து. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் குடுக்கச் சொல்லுங்க. எடையைச் சட்டுனு இறக்கப் பட்டினி கிடக்க வேண்டாம். கொழுப்பு கரைஞ்சால் அதில் இருக்கிறது ரத்தத்துக்கு வந்து பாலில் இறங்கும்.

பல்லடம்_பண்ணையம்:
இப்போ அடிக்கிற புரொபனோபாஸ் மாதிரி மருந்துகள் அப்படி வருஷக்கணக்கில் தங்காது, ஆனா பட்ட அன்னைக்கே வேலையைக் காட்டும். அடிக்கிற அன்னைக்குத் தாயும் பிள்ளையும் ஊருக்குள்ள சொந்தக்காரங்க வீட்டில் இருக்கட்டும். கொடியில் துணி காயக் கூடாது, தண்ணிக் குடத்தை மூடி வைங்க. அடிச்சவங்க சோப்புப் போட்டுக் குளிச்ச பிறகுதான் குழந்தையைத் தூக்கணும். அந்தத் துணியைத் தொட்டில் சேலையோடு ஊறப் போடவே கூடாது. காலி டின்னை மூணு தரம் அலசி, அந்தத் தண்ணியை டேங்கிலேயே ஊத்தி அடிச்சுட்டு, டின்னில் ஓட்டை போட்டுடுங்க. வேர்வை கொட்டி, எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கினால் 108-ஐக் கூப்பிட்டு, டின் லேபிளையும் கையோடு கொண்டு போங்க.

மூட்டையைத் தங்கச்சி தொட வேண்டாம். கையுறை, மாஸ்க் போட்டு, பிரிக்காமல் அப்படியே கனமான பிளாஸ்டிக் பையில் இறக்கிக் கட்டி, இன்னொரு பையிலும் போடுங்க. சிந்தினதைக் கூட்டினால் தூசி கிளம்பும். ஈரத்துணியால் துடைச்சு, துணியையும் அதே பையில் போடுங்க. எரிக்கவோ கிணத்தோரம் புதைக்கவோ கூடாது. பருத்திக்கொட்டை, தவிடு இருக்கற பக்கமும் வைக்காதீங்க, மாடு தின்னால் பாலின் கொழுப்பில் வந்துடும். பூட்டி வச்சுட்டு, வேளாண்மை விரிவாக்க மையத்துல சொல்லுங்க.

கோபி_குழந்தைநலம்:
இன்னொண்ணு. சிரங்குக்கு, பேனுக்கு பழைய காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு லோஷன் வீட்டில் இருந்தால் தாயும் பிள்ளையும் தடவக் கூடாது. அதுவும் பி.எச்.சி.யில் ஒரு வகைதான். டாக்டர்கிட்ட பெர்மெத்ரின் கிரீம் பத்திக் கேளுங்க.