நந்திக்கடல் சேறு நிறம் மாறுது, உதவி வேணும்

வணக்கம் அண்ணாமார் அக்காமார், கடைசி வருஷ புரொஜெக்டுக்கு முல்லைத்தீவு நந்திக்கடல் களப்பில, வட்டுவாகல் பாலத்துக்குக் கிட்ட போன கிழமை 2 இஞ்சி பிவிசி பைப் இறக்கி 40 சென்ரிமீற்றர் சேறு எடுத்தனான். மேல ஒரு விரலளவு மண்ணிறம், கீழ முழுக்கக் கரிக்கறுப்பு, கூழ்முட்டை மணம். வெட்டி வைச்சா ஒரு மணித்தியாலத்தில விளிம்பில இருந்து மண்ணிறமாகுது, பிஎச் 7.3 இல இருந்து 6.4க்கு இறங்கீட்டுது. பக்டீரியா சல்பேற்றைச் சல்பைட்டாக்க அது இரும்போட சேந்து வந்த கறுப்பு, காத்துப் பட்டா ஒக்சிஜன் அதை மாத்திப்போடும் எண்டு விளங்குது, ஆனா எனக்கு வேண்டியது அடியில இருந்த அசல் நிலைமைதான். ஐஸ் பெட்டியில கொண்டந்தன், ரெண்டு வாயும் மெழுகு ஊத்தி அடைச்சன், பொலித்தீன் பைக்குள்ள கையை விட்டும் வெட்டிப் பாத்தன், ஒண்டும் சரிவரேல்லை. ஒக்சிஜனை விலக்கி வைச்சு வெட்ட நைதரசன் சிலிண்டர் எனக்குக் கிடைக்கேல்லை. காத்துப் படாம சேத்துக்க இருக்கிற தண்ணியை ஒவ்வொரு ஆழத்திலயும் தனித்தனியா எடுக்கிறது எப்பிடி?