உதவி: சனிக்கிழமை மட்டக்களப்புச் சைக்கிள் பயணம், முழங்கால் நோகுது

நிலாவெளிப்பெடியன்:
அவசரம். வருகிற சனி திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் குழுவாகச் சைக்கிளில் போகிறோம். கரையோர ஏ15 வீதி, ஏறத்தாழ 130 கி.மீ. பயிற்சிக்கு வெருகல் போனபோது மூதூர் திருப்பம் தாண்டியதும் முழங்கால் நோகத் தொடங்கிவிட்டது. மற்றவர்கள் உழக்கித் திரும்ப, நான் பட்டா லொறியில் சைக்கிளை ஏற்றி வந்தேன். ஐஸ் வைத்தேன், தைலம் பூசினேன், குறையவில்லை. பெயர் கொடுத்தாச்சு, விலக மனமில்லை. என்ன செய்யலாம்?

மூதூர்க்கரை:
தம்பி, எந்த இடம் நோகுது? முன்னுக்கா, பின்னுக்கா, பக்கத்திலா? ஒரு காலா, இரண்டுமா? என்ன சைக்கிள், சொந்தமா இரவலா? இது தெரியாமல் ஒன்றும் சொல்ல ஏலாது.

உப்புவெளி:
உப்புக் குறைவுதான் காரணம். வழியில் இளநீர் மட்டும் குடித்திருப்பீர்கள். இளநீரில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல் தூள்) ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து போத்தலில் கொண்டுபோங்கள்.

பழையசில்லு:
இதை இங்கே எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? உப்புக் கதை தசைப் பிடிப்புக்கு. மூட்டு நோவுக்கு அதை இழுக்க வேண்டாம். முன்பக்கம் நொந்தால் பெரும்பாலும் சீற் பதிவு, அதாவது தாழ்வு. பின்பக்கம் நொந்தால் சீற் உயரம் கூட. கேள்வி கேட்பவர் முதலில் முழுதாகக் கேட்கப் பழக வேண்டும்.

உப்புவெளி:
அந்த வெயிலில் உப்பில்லாமல் 130 கி.மீ. போய்க் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

நிலாவெளிப்பெடியன்:
முன்னுக்கு, முழங்கால் சிரட்டைக்குக் கீழே. வலது கால்தான் கூட. மச்சானின் கியர் சைக்கிள். சீற்றில் பிழையில்லை, இருந்தபடியே இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பதியும்.

மூதூர்க்கரை:
அங்கேதான் விஷயம். சீற்றில் இருந்தபடி இரண்டு பாதமும் முழுதாகப் பதிந்தால் அது பதிவு. பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். அந்த மடிப்போடு அமுக்கும் ஒவ்வொரு தடவையும் சிரட்டை தொடையெலும்பின்மேல் அழுத்தப்படும். கிட்டத்தில் தெரியாது, தூரத்தில் காட்டிவிடும்.

சுவரைப் பிடித்துச் சீற்றில் ஏறி இருங்கள். பெடலைக் கீழே விட்டு குதிக்காலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்தால் முழங்கால் இலேசாக மடிந்து நிற்கும், அதுதான் அளவு. இடுப்பு இருபக்கமும் ஆடினால் கூடிப்போச்சு. ஒரேயடியாக ஏற்றாமல் 5 மி.மீ. ஏற்றி ஓடிப் பார்த்து, பிறகு அடுத்த 5. நிற்கும்போது நுனிக்கால்தான் முட்டும், பயப்பட வேண்டாம்.

தம்பலகாமம்:
எந்தக் கியரில் போனீர்கள்? பாரமான கியரில் மெதுவாக அமுக்கினாலும் இதே நோவு வரும். கியரைக் குறைத்து நிமிடத்துக்கு 80, 90 சுற்று உழக்குங்கள். குழுவில் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பதும் முக்கியம். மட்டக்களப்பு நோக்கிப் போகையில் கச்சான் (தென்மேற்குக் காற்று) வலப்பக்கத்தால் அடிக்கும். முன்னால் போகிறவரின் இடப்பக்கப் பின்னால் நின்றால்தான் காற்று மறையும். வலப்பக்கம் நின்றால் முழுக் காற்றும் உங்கள் முழங்காலில்.

மூதூர்க்கரை:
மன்னிக்க வேண்டும் அண்ணா, புதியவருக்கு அதைச் சொல்லாதீர்கள். இடப்பக்கம் தார் விளிம்பும் மணலும். முன்சில்லு முன்னவரின் பின்சில்லோடு உரசினால் பின்னால் வருபவர்தான் விழுவார்.

தம்பலகாமம்:
முன்னவர் கொஞ்சம் நடுவால் போய் இடம் விடலாமே.

மூதூர்க்கரை:
பின்னால் பஸ் வந்தால்? எங்கள் வீதியில் அவர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டே ஒதுக்குவார்கள். தனி வரிசை, இடையில் ஒரு சைக்கிள் நீளம். காற்று முழுதாக மறையாவிட்டாலும் பரவாயில்லை, ஆட்கள் முழுதாகப் போய்ச் சேர வேண்டும். விடியுமுன் புறப்பட்டால் வெயிலும் குறைவு.

உப்புவெளி:
கிண்ணியாப் பாலத்தில் காற்று இன்னும் மோசம், அங்கே இடைவெளியைக் கூட்டுங்கள். 2009இல் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் பாதைக்கு (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு) காத்து நிற்போம். காலாற நல்ல இடம்.

பழையசில்லு:
கேட்டது முழங்கால். பாதைக் கதை வேறு இழையில்.

உப்புவெளி:
நிறுத்தி நிறுத்திப் போனால் முழங்கால் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறேன். தம்பி, சிரட்டை வீங்கினாலோ, கால் இடையில் பூட்டிக்கொண்டாலோ சனியை மறந்துவிட்டு டொக்டரிடம் போங்கள்.

நிலாவெளிப்பெடியன்:
வீக்கம் இல்லை. சீற் ஏற்றியாச்சு. கன்னியா வரை போய்வந்தேன், முன்னுக்கு நோகவில்லை. சனி போகிறேன். எல்லாருக்கும் நன்றி.

மூதூர்க்கரை:
கன்னியா கிட்டத்தானே தம்பி, அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இன்னும் கொஞ்சத் தூரம் ஓடிப் பாருங்கள். எவ்வளவு ஏற்றினீர்கள்? சீற் குழாயில் ஒரு எல்லைக் கோடு இருக்கும், அது வெளியே தெரியும்வரை ஏற்றக்கூடாது, குழாய் முறியும். மச்சான் கட்டையான ஆளென்றால் குழாயும் கட்டையாக இருக்கலாம். இன்றைக்கே பாருங்கள்.