டிக்கெட் இல்லாத விழா: செலவு யார் தலையில்? (இணைய விவாதம், எழுதியவர்கள் புனைபெயரில்)

பந்தக்கால்
நாலு வருஷமா எங்க பகுதியில தை மாசம் ரெண்டு நாள் தெருவிழா நடத்துறோம். கடலோரம், ஒரு பக்கம் மீனவர் குடியிருப்பு, ஒரு பக்கம் அடுக்குமாடி. டிக்கெட் கிடையாது, யார் வேணும்னாலும் வரலாம். முதல் நாள் கர்நாடக இசை, வில்லுப்பாட்டு, பள்ளிப் பிள்ளைங்க நாடகம். ரெண்டாம் நாள் பறை, கரகம், தெருக்கூத்து. மேடைக்குக் கம்பு தூக்குறதுல இருந்து குப்பை அள்ளுறது வரைக்கும் எல்லாம் தன்னார்வலர்தான்.

முதல் வருஷம் நாப்பது பேர் இருந்தோம். போன தடவை பதினோரு பேர். விழா முடிஞ்ச ராத்திரி ஜமுக்காளம் மடிக்க ஆள் இல்லாம நானும் தங்கச்சியும் ஒன்றரை மணி வரைக்கும் மண்ணு உதறிக்கிட்டு நின்னோம்.

இப்ப ஒரு மனை விற்பனை நிறுவனம் மொத்தச் செலவையும் ஏத்துக்கறோம்னு வந்திருக்கு. மேடைக்குப் பின்னாடி அவங்க பேனர், நடுவுல அவங்க ஆள் ரெண்டு நிமிஷம் பேசுவார். குழுவுல பாதிப் பேர் வாங்கலாம்கறாங்க, பாதிப் பேர் வாங்கினா விலகிடுவோம்கறாங்க. கலைஞர்களுக்கு இதுவரை வண்டிச்செலவு, சாப்பாடு, ஒரு சால்வை. அவ்வளவுதான் முடிஞ்சது. நீங்க என்ன சொல்றீங்க?

கணக்குப்பிள்ளை
வாங்குங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு? மைக் செட்காரர் சும்மா குடுத்தாரா? சேர் வாடகைக்காரர்? ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போய் "கலைக்காகங்க"ன்னு சொன்னா பங்க்ல ஊத்துவாங்களா? நடமாடும் கழிவறை ஒண்ணு நிறுத்தணும்னாலே கை கடிக்கும். இத்தனை பேருக்கும் காசு குடுத்துட்டு கடைசியில "இலவச விழா"ன்னு பேர். ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போகட்டுமே, கூட்டம் அந்த நேரத்துல சுண்டல் வாங்கிக்கும்.

காவிரிக்கரை
முற்றிலும் மறுக்கிறேன். திருவையாற்றில் கர்நாடக இசை மேதை தியாகராஜரின் நினைவாக ஆராதனை எத்தனை தலைமுறையாக நடக்கிறது? பெரிய வித்வான்களும் நேற்று அரங்கேறிய பிள்ளைகளும் ஒரே பந்தலில் சில நிமிடங்கள் பாடிவிட்டு இறங்குகிறார்கள். சன்மானத்தை எதிர்பார்த்து எவரும் அங்கே போவதில்லை. கேட்பவருக்கும் கட்டணமில்லை. தியாகராஜரே உஞ்சவிருத்தி எடுத்து, அதாவது தெருவில் பாடிக்கொண்டு போய்க் கிடைத்த அரிசியை வாங்கி வாழ்ந்தவர். கலையைக் காணிக்கையாகத் தருவது நம் மரபு. மனை விற்பவனின் பேனருக்குக் கீழே உட்கார்ந்து பாடுவதைவிட விழாவை நிறுத்திவிடலாம்.

சீவாளி
காவிரிக்கரை அய்யா, உங்க மேல மரியாதை உண்டு. ஆனா இந்தத் திருவையாறு கதையை எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து சொல்லிப் பாருங்க.

எங்கப்பா நாகசுரம். பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி நிறைய சால்வை இருக்கு. ஒரு தடவை அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தப்ப அண்ணன் பெட்டியைத் திறந்து பாத்துட்டுச் சொன்னான், "இதுல ஒண்ணையும் சேட்டு கடையில அடகு பிடிக்க மாட்டாங்களேப்பா"ன்னு. அப்பா சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை.

திருவையாத்துல சும்மா பாடுறவங்களுக்கு டிசம்பர்ல சபா கச்சேரி இருக்கு, வெளிநாட்டுப் பயணம் இருக்கு, பாட்டு வகுப்பு இருக்கு. அந்தச் சில நிமிஷம் அவங்களுக்குக் காணிக்கை. கரகம் ஆடுற அக்காவுக்கு அன்னிக்கு ஆடுறதுதான் அன்னிக்குச் சோறு. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

இன்னொண்ணு. அந்தத் திருவையாறும் ஒருத்தர் செலவு பண்ணினதாலதான் நிக்குது. பெங்களூர் நாகரத்தினம்மாங்கற பாடகி தன் சொந்தப் பணத்தைப் போட்டு தியாகராஜர் சமாதியில கோயில் எழுப்பினாங்க. கோயில் கட்டின அந்தம்மாவையே அங்க பாடக்கூடாதுன்னாங்க, பெண்கள் யாருமே பாடக்கூடாதுன்னாங்க. 1927ல பெண்களுக்குன்னு தனிக் கோஷ்டி ஆரம்பிச்சுதான் பாடினாங்க. மரபுன்னு சொன்னா இதையும் சேத்துச் சொல்லணும்ல?

காவிரிக்கரை
நாகரத்தினம்மாள் செய்ததைத்தான் நானும் சொல்கிறேன். அவர் எந்தக் கம்பெனியின் பெயரையும் சமாதியில் எழுதவில்லை. அவர் கொடுத்தது காணிக்கை, உங்கள் மனைக்காரர் கொடுப்பது விளம்பரச் செலவு. கலைஞருக்குக் கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. யாரிடம் வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

அலைவாய்
பேனர் இல்லாம நடத்த முடியும். பெசன்ட் நகர் பக்கத்துல ஊரூர் ஆல்காட் குப்பத்துல 2015ல ஆரம்பிச்சாங்களே? கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமன் எல்லாம் சேர்ந்து. டிக்கெட் இல்லை, கம்பெனி விளம்பரம் இல்லை, ஆளாளுக்குக் கொடுத்த நன்கொடைதான். மீனவர் குப்பத்துல கச்சேரியும் பறையும் ஒரே விழாவுல நடந்துச்சு. பிறகு சென்னை கலைத் தெரு விழான்னு பேர் மாத்தி வேற இடங்களுக்கும் போச்சு. நான் போய் மணல்ல உக்காந்து கேட்டிருக்கேன். பின்னாடி வலை காயப் போட்டிருந்த வாசனையோட கேட்ட கச்சேரி அது.

கணக்குப்பிள்ளை
அங்க கிருஷ்ணா இருந்தார். 2016ல மகசேசே விருது, ஆசியாவோட நோபல்னு சொல்வாங்களே, அதை வாங்கினவர். அவர் கேட்டா நன்கொடை வரும். பந்தக்கால் தெருவுல மகசேசே வாங்கினவர் யாராவது குடியிருக்காரா? அரசாங்கமே நடத்துற சென்னை சங்கமம் மாதிரின்னா கஜானா இருக்கு. அதுவும் 2007ல ஆரம்பிச்சு, நடுவுல நின்னு, மறுபடி 2023ல தானே வந்துச்சு? கஜானா இருந்தே அந்தக் கதி. பேரும் இல்லை, கஜானாவும் இல்லைன்னா மிச்சம் இருக்கறது மனைக்காரர்தான்.

மூணாவது மாடி
நான் இந்த மாதிரி ஒரு விழாத் தெருவுலதான் குடியிருக்கேன். யாரும் கேக்காத ஒண்ணைச் சொல்றேன். ரெண்டு நாள் எங்க ஜன்னலுக்கு நேரா ஸ்பீக்கர். மாமியார் படுத்த படுக்கை. பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000ல வந்த ஒலி மாசு விதியே இருக்கு. பதினொண்ணு வரைக்கும் கூத்து ஓடுச்சு. கீழ போய்ச் சொன்னா ஒரு பையன் "ஆன்ட்டி, இது ஊர் விழா"ங்கறான். ஊர்ல நாங்க இல்லையா? சந்தாவுக்கு மட்டும் கதவைத் தட்டத் தெரியுது.

பந்தக்கால்
மேடம், அது நாங்க இல்லைன்னு நம்புறேன். ஆனா எங்க விழாவிலயும் ரெண்டாம் வருஷம் அப்படி ஆச்சு. கூத்துன்னா விடிய விடிய ஆடுறது. அதைப் பத்து மணிக்குள்ள முடிக்கணும்னு முக்கால் மணி நேரமா வெட்டினோம். முன்னாடி நிகழ்ச்சி எல்லாம் இழுத்ததால அதுவும் அரை மணி நேரமாச்சு. கூத்தை ஆரம்பிச்சு வைக்கிற கோமாளி, கட்டியங்காரன், வந்து ரெண்டு சிரிப்புக் காட்டுறதுக்குள்ள மைக்கை அணைக்கச் சொல்லி நானே கை காட்டினேன். துரியோதனன் வேஷக்காரர் மூணு மணி நேரம் அரிதாரம் பூசி, கிரீடம் கட்டி, திரைக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தார். வெளிய வரவேயில்லை. அப்படியே வேனுல ஏறிப் போனார்.

சீவாளி
இதைத்தான் சொல்றேன். பேனர்ல என்ன எழுதியிருக்குங்கறதுக்கு முன்னாடி, வந்தவங்களை எப்படி நடத்தினீங்கன்னு பேசுங்க. பறைக்குத் தீ மூட்ட இடம் விட்டீங்களா?

பந்தக்கால்
அதையும் கேட்டுட்டீங்களா... முதல் வருஷம். கடல் பனி, தோல் எல்லாம் தொய்ஞ்சு போச்சு. குழுத் தலைவர் மேடைக்குப் பின்னாடி கொஞ்சம் வைக்கோல் போட்டுக் கொளுத்திப் பறையைக் காய்ச்ச ஆரம்பிச்சார். எங்க தன்னார்வலர் ஒருத்தன், நல்ல பையன், காலேஜ்ல படிக்கிறான், "தீ! தீ!"ன்னு ஓடி ஒரு வாளித் தண்ணியை ஊத்திட்டான். பந்தல் பத்திக்குமோன்னு பயம் அவனுக்கு. தலைவர் ஒண்ணும் பேசலை. நனைஞ்ச வைக்கோலைக் காலால ஒதுக்கிட்டு, ஆளுக்கு ஒரு பறையா எடுத்துட்டுப் போய் ஹாலஜன் விளக்குகிட்ட பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. மேடையில ஏறினப்ப சத்தம் தொப்புத் தொப்புன்னுதான் கேட்டுச்சு. கூட்டம் கை தட்டுச்சு. அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை
இதுக்குத்தான் காசு வேணும்கறேன். காசு இருந்தா விவரம் தெரிஞ்ச ஒருத்தரை மேடை மேலாளரா சம்பளத்துக்குப் போடலாம். நல்ல மனசுக்குப் பறை காயுமா?

அலைவாய்
சம்பளத்துக்கு வர்ற ஆளுக்கும் பறை காய்ச்சணும்னு தெரியாது சார். முன்னாடியே அந்தக் குழுத் தலைவரைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் குடுத்து "என்னண்ணே வேணும்?"னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். அதுக்கு மனைக்காரர் வேணுமா?

சீவாளி
அலைவாய் சொல்றது சரி. ஆனா டீயோட நிறுத்தாதீங்க, கூலியும் பேசுங்க.

பந்தக்கால், காசே செலவில்லாம ஒண்ணு செய்யலாம். நீங்க ஏன் தை மாசம் வைக்கிறீங்க? தை பொறந்தா முகூர்த்தம். ஒரு நாகசுரம் தவில் செட்டு உங்க விழாவுக்கு வந்தா ஒரு கல்யாணத்தை விட்டுட்டு வருது. அதுக்கு நீங்க சால்வை போத்துறீங்க. மார்கழியில வைங்க, எங்க ஆளுங்களுக்கு அது கல்யாணமில்லாத மாசம். கரகம், கூத்துக்கும் வேலை கிடைக்கிற கோயில் கொடைக் காலம் மார்கழி இல்லை. குறைஞ்ச கூலின்னாலும் மனசார வருவாங்க, ஏன்னா அந்த மாசம் அடுப்பெரிய அது உதவும். சபாக்காரங்களுக்கு மட்டும்தான் மார்கழி சீசன்னு யார் சொன்னது?

அப்புறம் நிகழ்ச்சியைக் குறைங்க. ரெண்டு நாள்ல இத்தனை குழு எதுக்கு? ஒரு நாள், அஞ்சு குழு, அஞ்சுக்கும் ஒழுங்கான கூலி. நாலு மணிக்கே ஆரம்பிச்சா கூத்துக்கு ரெண்டு மணி நேரம் கிடைக்கும், மூணாவது மாடியும் பத்து மணிக்குத் தூங்கலாம்.

காவிரிக்கரை
மார்கழி யோசனை நன்று. ஆனால் பணம் எங்கிருந்து என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. உண்டியல் வையுங்கள். ஒளித்து வைக்காமல், "இன்று ஆடியவர்களுக்கு" என்று எழுதி நடுவில் வையுங்கள். கேட்டு வாங்குவதில் இழிவில்லை. உஞ்சவிருத்தியைச் சொன்னதே அதற்காகத்தான்.

கணக்குப்பிள்ளை
உண்டியல்ல சில்லறைதான் விழும் சார். இப்ப யார் பையில காசு இருக்கு? கியூஆர் கோடு ஒட்டுங்க. இருந்தாலும் அஞ்சு குழுக்கூலி அதுல வராதுன்னு எழுதித் தரேன்.

பந்தக்கால்
நேத்து குழு கூடிச்சு. மனைக்காரர் வேண்டாம்னு ஏழு பேர், வேணும்னு நாலு பேர். நாலுல ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டு வாட்ஸாப் குழுவை விட்டே போயிட்டாங்க. இப்ப ஒன்பது பேர்.

ஒரு நாள் விழா, மார்கழிக் கடைசி ஞாயிறு. முதல்ல கலைஞர் கூலியைத் தனியா எடுத்து வைக்கிறோம். அது சேராட்டி மேடையும் இல்லை, பந்தலும் இல்லை, எல்லையம்மன் கோயில் முன்னாடி வெறும் தரையில நடத்துறோம். கணக்குப்பிள்ளை சார், வரவு செலவை எழுத உங்களைத்தான் கூப்பிடலாம்னு இருக்கேன். திட்டிக்கிட்டே எழுதுங்க, பரவாயில்லை.

கணக்குப்பிள்ளை
எழுதறேன். நஷ்டம்னு சிவப்பு மையிலதான் எழுதுவேன்.

சீவாளி
கரகம் ஆடுற பொண்ணுங்க துணி மாத்த இடம் எங்க? போன வாரம் ஒரு விழாவுல வேனைச் சுத்திப் புடவையைப் பிடிச்சுக்கிட்டு மாத்தினாங்க. அதைச் சொல்லாம தேதி குறிக்காதீங்க.

பந்தக்கால்
இன்னும் யோசிக்கலை.

மூணாவது மாடி
எந்தத் தெருன்னு சொல்லுங்க. எங்க பக்கத்துலதான்னா, தரைத்தளத்துல ஃப்ளாட் சங்கத்து அறை சும்மாதான் பூட்டிக் கிடக்கு. சாவி எங்கிட்ட இருக்கு. கண்ணாடி, ஃபேன், பாத்ரூம் எல்லாம் உண்டு. பத்து அடிச்சு ஒரு நிமிஷம் ஆனாலும் போலீசுக்குப் போன் போடுவேன்.