மாலைதீவில் ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறேன், தூண்டிலைக் கொண்டுபோகலாமா?

உப்புவெளியான்:
வணக்கம். அடுத்த மாதம் மாலைதீவில் ஒரு சின்னத் தீவுப் பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியராகப் போகிறேன். தரம் 6, 7. இங்கே திருகோணமலையில் இரண்டு வருடம் டியூட்டரியில் படிப்பித்தேன். பயிற்சித்தாள் முழுவதையும் பிழையில்லாமல் செய்யும் பிள்ளை, "யெஸ் சேர், நோ சேர்" என்பதைத் தாண்டி வாய் திறக்காது. அங்கேயும் இதே கூத்து நடக்கக்கூடாது என்றிருக்கிறது.

எனக்கிருக்கும் ஒரே பொழுதுபோக்கு கைத்தூண்டில். பின்னேரமானால் உள்துறைமுகக் கரை, ஞாயிறு என்றால் கிண்ணியாப் பாலத்தடி. இதை வைத்து அந்தப் பிள்ளைகளைக் கதைக்க வைக்கலாமா? இல்லை, வாத்தியார் கரையில் குந்தியிருந்து தூண்டில் போட்டால் மரியாதை போய்விடுமா? போய்விடும் என்கிறார் அம்மா.

டச்பே காக்கை:
தங்கூசிக்கு (தூண்டில் நைலோன் நூலுக்கு) இங்கே காசு செலவழிக்க வேண்டாம், அங்கே கடைக்குக் கடை இருக்கும். திரும்பி வரும்போது மாசிக் கருவாடு கொண்டு வா. மரியாதையை அப்புறம் பார்க்கலாம்.

பழைய வாத்தி:
தம்பி, தாராளமாகக் கொண்டு போ. தொண்ணூறுகளில் நான் அங்கே நாலு வருடம் இருந்தேன். ஆனால் நான் தொடங்கிய மாதிரித் தொடங்காதே.

போன முதல் மாதமே கொக்கி, ஈயம், இரை என்று இருபது ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, கொப்பியில் எழுதச் சொன்னேன். வடிவாக எழுதினார்கள். வகுப்பு முன்னைவிட அமைதியாகிவிட்டது. அவர்களிடம் மிஞ்சியிருந்த ஒரே விளையாட்டையும் பாடமாக்கிவிட்டேன் அல்லவா?

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை (அங்கே வெள்ளி, சனிதான் லீவு) இறங்குதுறையில் தனியாகத் தூண்டில் போட்டேன். தங்கூசி பாரில் (கடலடிக் கல்லில்) கொழுவிக்கொண்டது. இழு இழு என்று இழுக்கிறேன். கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பெடியன் பார்த்துச் சிரித்துவிட்டு, என் கையிலிருந்து அதைப் பறித்து, "சேர், நோ புல். லூஸ், லூஸ்" என்றான். மூன்று மாதத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் ஆங்கிலம் அதுதான். கொழுவினதையும் எடுத்துத் தந்தான்.

அன்றைக்கு நான் மாணவன், அவன் வாத்தி. வகுப்பில் நாம் விடை தெரிந்துகொண்டேதான் கேள்வி கேட்கிறோம் என்பது பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கும். எனக்கு உண்மையாகவே தெரியாததை நான் கேட்டால், எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அவர்களுக்கு அவதி வரும். சூரையை அங்கே வலை போட்டுப் பிடிப்பதில்லை, கம்பும் கொக்கியுமாக ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். எப்படி என்று கேட்டுப் பார். தகப்பன் செய்வதைக் கை, கால், உடைந்த ஆங்கிலம் எல்லாவற்றையும் போட்டு நடித்துக் காட்டுவார்கள். காற்றைப் பற்றியும் கேள். நமக்குக் கச்சான் காற்று வீசி, கடல் தட்டையாகக் கிடக்கும் ஆனி ஆடியில்தான் அவர்களுக்கு மழையும் அலையும். இதைச் சொன்னபோது நம்பவே மாட்டோம் என்று அரை மணித்தியாலம் என்னோடு வாதாடினார்கள். ஆங்கிலத்தில்!

தூண்டில் தண்ணீரில் இருக்கும்போது இலக்கணம் திருத்தாதே. அவன் சொன்னதையே சரியான வசனமாக நீ ஒருதரம் திருப்பிச் சொல்லு, போதும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தப்பின மீனின் கதையைக் கேள். "ஐ வாஸ் புல்லிங், தி லைன் புரோக்" தானாக வரும். கதை சொல்லச் சொல்ல மீனும் பெருக்கும், "பிக்" போய் "பிக்கர்" வரும்.

அவர்களுடைய சொல்லையும் வாங்கிக்கொள். மீனுக்கு அவர்கள் பாஷையில் "மஸ்". நம்முடைய மாசியை நினைத்துப் பார். எனக்கு ஒரு சொல் தந்தால் நான் ஒரு சொல் தருவேன், அதுதான் கணக்கு.

ஒரு நாள் வீட்டாருக்குச் சொல்லாமல் ஐந்து பிள்ளைகளைக் கூட்டிப்போய், இருட்டிய பிறகு தாய்மார் தேடி வந்து, அதிபரிடம் நல்ல ஏச்சு வாங்கினேன். பெற்றோரின் கையெழுத்தும், கூட ஒரு தகப்பனும் இல்லாமல் போகாதே.

மூதூர்க்காரி:
வாத்தி ஐயா, எல்லாம் பெடியன்கள் கதையாக இருக்கிறதே. நான் போன வருடம்தான் அங்கிருந்து திரும்பினேன். என் வகுப்புப் பெண்பிள்ளைகள் தூண்டில் பக்கம் வரவில்லை, அவர்களுக்குப் பாஷி என்ற பந்து விளையாட்டு. ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, டென்னிஸ் மட்டையால் பந்தைப் பின்பக்கமாக அடிப்பாள். வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் பிடிக்க வேண்டும். முதல் நாளே எனக்கு மூக்கில் பட்டது. மூன்று பேர் ஓடி வந்து ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். மூக்கு வீக்கத்துக்கு அது லாபம். மழை நாட்களில் கரம் போர்ட் வைத்தேன், சண்டை பிடிப்பதென்றால் ஆங்கிலத்தில் மட்டும் என்று சட்டம்.

இன்னொன்று. கடைசியில் அவர்கள் எழுதப்போவது கேம்பிரிட்ஜ் பரீட்சை. கொப்பியில் ஒன்றும் இல்லையென்றால் பெற்றோர் கேட்பார்கள். கதைத்ததில் ஐந்து வரியாவது எழுத வையுங்கள்.

உப்புவெளியான்:
எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தகப்பன்மார் கூட வருவார்கள் என்ற இடத்தில் மட்டும் தலையாட்டினார். ஐயா, ஒன்று கேட்க வேண்டும். பாரில் கொழுவின தங்கூசியை அந்தப் பெடியன் எப்படித்தான் எடுத்தான்? நான் எப்போதும் அறுத்துத்தான் விடுகிறேன்.

பழைய வாத்தி:
அதை அங்கே போய்க் கேள் தம்பி.