உதவி: லைக் வருகிறது, ஆனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை

ஊசிநூல்: வணக்கம். கையால் தைத்த பைகள், பர்ஸ்கள் விற்கிறோம். இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்கும் ஃபேஸ்புக்கில் பக்கமும் இருக்கின்றன, ரெண்டிலும் தினமும் ஒரே பதிவுதான். ஒரு பரிசுப் போட்டி வைத்தோம், ஃபாலோயர் கடகடவென ஏறினார்கள், அதற்கு அப்புறம் பதிவுகளின் ரீச் (எத்தனை பேர் கண்ணில் படுகிறது என்ற கணக்கு) படுத்தது இன்னும் எழுந்திருக்கவில்லை. லைக் போடுகிறவர்கள் அதோடு போய்விடுகிறார்கள். கமெண்ட் என்றால் "சூப்பர்" அல்லது ஒரு இதயம், மிஞ்சினால் "விலை?". டிரெண்டிங் பாட்டுகளும் எங்கள் கணக்கில் பாதி கிடைப்பதில்லை. பிசினஸ் கணக்கை விட்டுவிட்டு சாதாரணக் கணக்காக மாற்றினால் சரியாகுமா? இல்லை, காசு கட்டி பூஸ்ட் செய்து, பதிவை விளம்பரமாக நிறையப் பேருக்குக் காட்டிவிடலாமா?

சாயப்பட்டறை: மாற்றாதீர்கள். சாதாரணக் கணக்கில் இன்சைட்ஸ் கிடையாது, யார் பார்க்கிறார்கள், எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்றே தெரியாமல் போகும். பாட்டு விஷயம் உரிமம் சம்பந்தப்பட்டது, வணிகப் பயன்பாட்டுக்கு அந்தப் பாட்டுகளுக்கு அனுமதி இல்லை. இரண்டு செயலிகளையும் நடத்துகிற மெட்டா நிறுவனமே தரும் இசைத் தொகுப்பான மெட்டா சவுண்ட் கலெக்ஷனில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். பை தைக்கிற சத்தத்தோடு நீங்களே பேசினால் இன்னும் நல்லது என்பது என் கட்சி.

எட்டாம்நம்பர்: போட்டியில் என்ன விதி போட்டீர்கள்?

ஊசிநூல்: எல்லோரும் போடுகிற மாதிரிதான். ஃபாலோ செய்யணும், மூன்று நண்பர்களை டேக் செய்யணும்.

எட்டாம்நம்பர்: அதுதான். வந்தவர்கள் பரிசுக்காக வந்தவர்கள், பை வாங்க வந்தவர்கள் இல்லை. இப்போது நீங்கள் போடுவது அவர்கள் கண்ணில் பட்டாலும் நிற்காமல் தள்ளிவிட்டுப் போகிறார்கள், யாருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று செயலியும் புரிந்துகொண்டு மற்றவர்களுக்குக் காட்டுவதைக் குறைக்கிறது. தவிர, "நண்பரை டேக் செய்தால்தான் போட்டியில் சேரலாம்" என்பதை ஃபேஸ்புக் விதி அனுமதிப்பதில்லை. லைக், டேக், ஷேர் கேட்டுக் கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக 2017 டிசம்பரிலேயே அறிவித்தார்கள். அடுத்த மாதமே, பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை என்றும் சொல்லிவிட்டார்கள். ஃபேஸ்புக் பக்கத்தில் இலவச ரீச்சை நம்பிக் காத்திருக்கிற காலம் அப்போதே போய்விட்டது.

கல்லாப்பெட்டி: பூஸ்ட் இப்போது வேண்டாம். அடியில் ஓட்டை இருக்கிற குடத்துக்குப் பெரிய குழாய் வைத்து என்ன பயன்? "விலை?" என்று கேட்டவருக்கு என்ன பதில் போடுகிறீர்கள்?

ஊசிநூல்: "இன்பாக்ஸ் பாருங்கள்" என்று.

கல்லாப்பெட்டி: அதை முதலில் நிறுத்துங்கள். விலையை அங்கேயே எழுதுங்கள், கூடவே அளவு, எத்தனை நாளில் அனுப்புவீர்கள் என்பதையும் சேர்த்து. கேட்டவர் ஒருவராக இருக்கலாம், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு படிக்கிறவர்கள் பல பேர். கடைசியில் நீங்களும் ஒரு கேள்வி வையுங்கள், "லேப்டாப் வைக்கவா, தினசரிக்கா?" என்கிற மாதிரி. அவர் சொல்லும் பதில்தான் உங்கள் அடுத்த பதிவு. ஸ்டோரியில் வாக்கெடுப்பு வைத்து எந்த நிறத்தில் தைக்கலாம் என்று கேட்டால், யார் எதற்கு வாக்களித்தார்கள் என்று பெயரோடு தெரியும். ஜெயித்த நிறத்தில் உண்மையிலேயே தைத்து, வாக்களித்தவர்களுக்குப் படம் அனுப்புங்கள். கேட்டுவிட்டுச் செய்யாமல் விடுவதற்குக் கேட்காமலே இருக்கலாம். இன்ஸ்டாகிராமைப் பொறுத்தவரை, ஒருவர் தன் நண்பருக்கு அனுப்பிவைக்கிற பதிவு புது ஆட்களிடம் போய்ச் சேர வாய்ப்பு அதிகம், அதனால் "இதை அவளுக்கு அனுப்பணும்" என்று தோன்றுகிற விஷயமாகப் போடுங்கள். ஜிப் கெட்டுப்போனால் வீட்டிலேயே சரிசெய்வது எப்படி என்பதை உங்களைவிட யார் நன்றாகச் சொல்லிவிட முடியும்?

இன்னொன்று. இன்ஸ்டாகிராமில் நீங்கள் ஃபாலோ செய்யாதவர்கள் அனுப்புகிற செய்திகள் பெரும்பாலும் "கோரிக்கைகள்" பகுதிக்குத்தான் போகும். அதைத் திறந்து பார்த்தீர்களா?

ஊசிநூல்: இப்போதுதான் திறந்தேன்... நிறைய இருக்கிறது. மொத்தமாக வேண்டும் என்று கேட்டவர்கள்கூட இருக்கிறார்கள். தையல் பிரிந்துவிட்டது என்று ஒரு புகார் வேறு, அதே ஆள் பிறகு கமெண்டிலும் எழுதியிருக்கிறார். அந்தக் கமெண்டை நீக்கிவிடலாமா? பழைய செய்திகளுக்கு இப்போது பதில் போட்டால் போகுமா?

சாயப்பட்டறை: நீக்கவே கூடாது. முதலில் அவர் எழுதிய இடத்திலேயே, எல்லோரும் பார்க்க, மாற்றித் தருகிறோம் என்று எழுதுங்கள். முகவரி மாதிரி சொந்த விவரங்களை மட்டும் தனிச் செய்தியில் வாங்குங்கள்.

கல்லாப்பெட்டி: பதில் போகும். தானாகப் பதில் அனுப்பும் கருவிகளுக்குத்தான் வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் என்ற கணக்கு. இன்ஸ்டாகிராம் ஆப்பைத் திறந்து கையால் தட்டினால் அந்தச் சிக்கல் இல்லை. எல்லோருக்கும் ஒரே வரியைக் காப்பி அடித்து அனுப்பாதீர்கள், அவர் கேட்ட பை இப்போது இருக்கிறதா இல்லையா என்று நேராகச் சொல்லுங்கள். மொத்தமாகக் கேட்டவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள்.